பார்த்தது பார்த்தபடி தாளில் வர: தானாக வரையப் பழகுகிறவர்களின் கேள்விகள்

வகுப்புக்குப் போகாமல், தானாகவே பென்சிலை எடுத்து வரையப் பழகுகிறவர்களுக்காக எழுதியது இது. கேள்விகளில் பாதி மற்றவர்கள் என்னிடம் கேட்டவை, மீதி ஆரம்பத்தில் நானே என்னைக் கேட்டுக்கொண்டவை. துல்லியம் என்று இங்கே சொல்வது ஒன்றைத்தான்: எதிரே இருக்கும் பொருளின் அளவு, சாய்வு, இடம் மூன்றும் ஒன்றுக்கொன்று எந்த உறவில் இருக்கின்றனவோ, அதே உறவில் தாளிலும் விழுவது. பாணி, கற்பனை எல்லாம் வேறு பேச்சு.

கோடு நேராகவே வருவதில்லை. கை பழகிவிட்டால் படம் சரியாக வந்துவிடுமா?

வராது. உங்கள் கையெழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். 'ஞ', 'ணை' போன்ற சுழிகளைச் சில மில்லிமீட்டர் இடத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுதுகிற கை அது. ஒரு மூக்கின் ஓரத்தை வரைய அதைவிடப் பெரிய கைத்திறன் வேண்டியதில்லை. நடுங்கிய கோடு சரியான இடத்தில் விழுந்தால் படம் ஒத்துப்போகும். வழுவழுப்பான கோடு தப்பான இடத்தில் விழுந்தால் போகாது. 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று கேட்டுக் கேட்டு நாம் கையையே குறை சொல்லப் பழகிவிட்டோம். கை பெரும்பாலும் சொன்னதைத்தான் செய்கிறது, சொல்கிற இடத்தில்தான் கோளாறு.

கோடு தடுமாறுவது தனிப் பிரச்சினை. பென்சிலை நுனிக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடிக்காமல் சற்றுப் பின்னால் பிடியுங்கள். நீளமான கோடுகளுக்கு மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். சில வாரங்களில் அது அடங்கி வரும்.

அப்படியானால் தப்பு எங்கே நடக்கிறது?

கண்ணுக்குத் தெரிவதற்கும் நமக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதற்கும் நடக்கும் சண்டையில். ஒரு கோப்பையை மேசைமீது வைத்து வரையுங்கள். அதன் வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால், கண்ணுக்குத் தெரிவதைவிட அகலமாகத் திறந்த நீள்வட்டமாக அதை வரைந்துவிடுவீர்கள். அடி தட்டை என்றும் தெரியும், அதனால் கீழே ஒரு நேர்கோடு இழுப்பீர்கள். உண்மையில் அடிப்பகுதி வாயைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைந்து தெரிய வேண்டும். அது உங்கள் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறதல்லவா?

முகத்திலும் இதே கதை. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நட்ட நடுவில் கண்கள் இருக்கின்றன. புதிதாக வரைகிறவர்கள் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். நாம் ஒரு முகத்தில் பார்ப்பதெல்லாம் கண், மூக்கு, வாய்தான். நெற்றியும் மண்டையும் நம் கவனத்தில் இடம் பிடிப்பதில்லை, ஆகவே தாளிலும் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

ஒரு சோதனை. கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும்போது, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அதில் தெரியும் உங்கள் தலையின் விளிம்பை விரலால் சுற்றி வரையுங்கள். பிறகு அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். உங்கள் தலையில் சரிபாதி அளவுதான் இருக்கும். எட்டிப் போய் நின்று வரைந்தாலும் அதே பாதிதான். தினமும் பார்க்கிற ஒன்று இவ்வளவு சின்னது என்பது இத்தனை ஆண்டுகளில் தெரியாமலே இருந்திருக்கிறது! தூரத்தையும் சாய்வையும் கழித்துவிட்டு, பொருளின் 'உண்மையான' அளவை நம்மிடம் சொல்வது மூளையின் வேலை. ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் வரைந்த இரண்டு மேசைகளின் படம் இதற்குப் பெயர்பெற்றது. ஒன்று நீளமாகவும் ஒன்று அகலமாகவும் தோன்றும், ஆனால் இரண்டின் மேற்பலகைகளும் தாளில் ஒரே வடிவம், ஒரே அளவு. வெட்டி ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்த பிறகும் கண் நம்ப மறுக்கும். தெருவைக் கடக்கும்போது உயிரைக் காக்கிற இந்த ஏற்பாடு, வரைய உட்காரும்போது தொந்தரவாகிவிடுகிறது. இதை அணைத்து வைக்க வழியில்லை. அளந்துதான் மீற வேண்டும்.

பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்களே, அது எதற்கு?

அதுதான் அளப்பது. சினிமாவில் ஓவியர் என்று காட்ட வேண்டுமானால் இதைச் செய்ய வைப்பார்கள், அதனாலேயே பலருக்கு இது வெறும் பாவனை என்று நினைப்பு.

முழங்கையை மடக்காமல் கையை நேராக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் நுனியைப் பொருளின் ஒரு முனையில் பொருத்தி, மறுமுனை வரும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். இப்போது ஓர் அளவு கிடைத்துவிட்டது. அதே கட்டைவிரல் நிலையோடு பென்சிலைத் திருப்பி, அகலத்தில் அது எத்தனை முறை போகிறது என்று பாருங்கள். 'உயரம் அகலத்தைப் போல ஒன்றேகால் மடங்கு' என்பது போன்ற விடைதான் உங்களுக்கு வேண்டியது. பென்சிலில் கிடைத்த நீளத்தை அப்படியே தாளில் வைக்கக் கூடாது. தாளில் எடுத்துப்போவது விகிதத்தை மட்டும்தான்.

இது சரியாக வரவில்லை என்பவர்களிடம் பார்த்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று காரணமாக இருக்கும். முழங்கை லேசாக மடங்கி, இரண்டாவது அளவை எடுக்கும்போது பென்சில் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அல்லது பொருள் உள்ளே போகிற திசையில் பென்சிலும் சாய்கிறது. முகத்துக்கு நேரே ஒரு ஜன்னல் கண்ணாடி இருப்பதாகவும், பென்சில் அதில் ஒட்டியபடியே நகர்வதாகவும் நினைத்துக்கொண்டால் இது நின்றுவிடும். மூன்றாவது, நடுவில் உட்காரும் இடமோ முதுகோ மாறிவிடுவது.

நான்காவதை யாரும் சொல்லித் தருவதில்லை: மிகச் சிறிய அலகைத் தேர்ந்தெடுப்பது. நிற்கிற மனிதரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் தலையை 2 மி.மீ. தப்பாக வரைந்துவிட்டு அதையே ஏழரை முறை கீழே அடுக்கினால், பாதத்துக்கு வரும்போது 15 மி.மீ. கூடியிருக்கும். அதற்குப் பதில் முழு உயரத்தை முதலில் குறித்துவிட்டு, பாதி எங்கே வருகிறது என்று தேடுங்கள். நிற்கிற உடலில் அது இடுப்புக்குக் கீழே, கால்கள் பிரிகிற இடத்தை ஒட்டி வரும். பிறகு பாதியில் பாதி. பெரிதைப் பிளந்துகொண்டு போனால் பிழையும் சேர்ந்து சிறுத்துக்கொண்டே போகும்.

சாய்ந்த கோடுகள் மட்டும் எப்போதும் தப்பாகின்றன. ஏன்?

செங்குத்தும் கிடையும் நம் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சாய்வுகளில்தான் நிதானம் தவறும். அதனால் எந்தச் சாய்வையும் தனியாகப் பார்க்காமல், பக்கத்தில் ஒரு செங்குத்தை நிறுத்திப் பாருங்கள். ஒரு நூலின் நுனியில் சாவியையோ நட்டையோ கட்டித் தொங்கவிட்டால் போதும், கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்கிற வேலையை அது செய்யும். நூலுக்குப் பின்னால் மூக்கின் ஓரம் தெரிகிறதா, அதற்கு நேர் கீழே தோள் வருகிறதா, இடது காலின் கட்டைவிரல் வருகிறதா? இப்படி ஒரே செங்குத்தில் விழுகிற புள்ளிகளைக் கண்டுபிடித்துவிட்டால், சாய்வைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அது தானாக அமையும்.

கடிகார முள்ளாக நினைப்பதும் உதவும். 'இந்த விளிம்பு இரண்டு மணி முள் போல இருக்கிறது' என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். கால் வரும்போது தாள் தீர்ந்துவிடுகிறது.

எனக்கும் பல மாதம் பாதமே இல்லாத மனிதர்கள்தான் வந்தார்கள். கோட் அணிந்தவர், புடவை கட்டியவர், எல்லோரும் முழங்காலோடு நின்றுபோனார்கள்.

பென்சிலை வைத்ததும் முதலில் போட வேண்டியவை நான்கு சிறு குறிகள்: படத்தின் உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம். உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து இந்த நான்கையும் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்புறம் அந்தப் பொருளை ஒரு துணியால் இறுக்கிப் போர்த்தினால் என்ன வடிவம் தெரியுமோ, அதை ஐந்தாறு நேர்கோடுகளால் அடையுங்கள். வளைவு வேண்டாம். நேர்கோட்டுக்கு இரண்டு முனையும் ஒரு சாய்வும் மட்டும்தான், ஆகவே தப்பா சரியா என்று சொல்லிவிடலாம். வளைவில் எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். பெரிய வடிவம் அமைந்த பிறகு அதற்குள் அடுத்த பெரிய பிரிவு, பிறகு அதற்கடுத்தது. கண்ணிமையும் சட்டைப் பொத்தானும் கடைசி.

இவ்வளவும் தாளில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மெல்லிய கோடுகளில் நடக்க வேண்டும். அழுத்திப் போட்ட கோட்டை மாற்ற மனம் வராது. அழகாக நிழல் கொடுத்துவிட்ட கண்ணை அரை சென்டிமீட்டர் நகர்த்தச் சொன்னால் யாருக்குமே மனம் வராது.

வெற்றிடத்தை வரை என்கிறார்களே?

நாற்காலியை வரையாமல், அதன் கால்களுக்கு நடுவே தெரிகிற தரையின் துண்டுகளை வரைந்து பாருங்கள். நாற்காலிக்கால் எப்படி இருக்கும் என்று உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. அந்தத் துண்டுக்கு அப்படி எந்தப் படமும் இல்லை, பெயர்கூட இல்லை. அதனால் இருக்கிறபடியே வரையத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது. இடுப்பில் கைவைத்து நிற்பவரின் முழங்கைக்கும் உடலுக்கும் நடுவே வரும் முக்கோணம், செடியின் இலைகளுக்கு இடையே தெரியும் சுவர் இரண்டும் நல்ல பயிற்சி.

படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைந்தால் நன்றாக வருகிறது. இதையே தொடரலாமா?

நன்றாக வருவதன் காரணமும் மேலே சொன்னதுதான். தலைகீழாக இருக்கும்போது கண், மூக்கு என்கிற பெயர்கள் கழன்றுவிடுகின்றன. வலது மூளை விழித்துக்கொள்கிறது என்ற விளக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூளை அப்படி இரண்டு அறையாகப் பிரிந்து வேலை செய்வதில்லை. ஒன்றிரண்டு முறை செய்து, 'என்னாலும் முடியும்' என்று தெரிந்துகொள்வதற்கு அருமையான பயிற்சி. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரைத் தலைகீழாக நிற்கச் சொல்ல முடியாது.

கட்டம் போட்டு வரைவதும் டிரேஸ் எடுப்பதும் ஏமாற்று வேலையா?

இந்தக் கேள்வியில் தேவையில்லாத குற்ற உணர்ச்சி நிறைய இருக்கிறது. 1435-இலேயே லியோன் பட்டிஸ்டா ஆல்பர்டி, நூல்களால் கட்டமிட்ட மெல்லிய திரையைப் பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவே மாட்டி வரையச் சொன்னார். ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் வெளியிட்ட அளவியல் நூலில், கண்ணாடிப் பலகை வழியாகப் பார்த்து வரைகிற ஓவியரின் படத்தையே அச்சிட்டார். முப்பட்டகம் வழியே பொருளின் உருவம் தாளின்மேல் விழுவதுபோல் காட்டும் கேமரா லூசிடாவுக்கு வில்லியம் வோலஸ்டன் 1806-இல் காப்புரிமை பெற்றார். வின்சென்ட் வான்கோ, நூல் கட்டிய சட்டம் ஒன்றைச் செய்வித்துக் கடற்கரைக்கும் வயலுக்கும் தூக்கிக்கொண்டு போனார். யாரும் இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை.

நீங்கள் கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்களா, படத்தை முடிக்க வந்திருக்கிறீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். படம்தான் வேண்டுமென்றால் கட்டம் போடுங்கள், தாராளமாக. கற்றுக்கொள்ள வந்தவர் கட்டத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதலில் எட்டுக்கு எட்டு, சில வாரம் கழித்து நாலுக்கு நாலு, பிறகு இரண்டுக்கு இரண்டு, அதாவது நடுவில் ஒரு சிலுவைக் கோடு மட்டும். கடைசியில் அந்தச் சிலுவையும் கண்ணுக்குள் போய்விடும், தாளில் போட வேண்டியிருக்காது. எட்டுக்கு எட்டிலேயே மூன்று வருடம் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டத்துக்குள் பிரமாதமாக வரைவார்கள். கட்டம் இல்லாத தாளைக் கொடுத்தால் தடுமாறுவார்கள்.

டிரேஸ் விஷயத்தில் என் கட்சி ஒன்றே: வரைந்த பிறகு எடுங்கள், முன்னால் எடுக்காதீர்கள்.

பிறகு எடுப்பதால் என்ன பயன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தானாகக் கற்பவருக்கு இல்லாதது ஆசிரியர். ஆசிரியர் என்ன செய்வார்? பின்னால் வந்து நின்று, 'இந்தக் கால் நீளம்' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தை கிடைக்காததால்தான் நூறு படம் வரைந்தும் நூறிலும் அதே தப்பைச் செய்கிறோம். அந்த வார்த்தையை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

ஒரு புகைப்படத்தைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வெற்றுத்தாளை வைத்து, அதே அளவில், கண்ணாலும் பென்சிலாலும் மட்டும் அளந்து வரையுங்கள். முடிந்த பிறகு, மூலப்படத்தின் முக்கியமான விளிம்புகளை டிரேசிங் தாளில் எடுத்து, உங்கள் படத்தின்மேல் வையுங்கள். பொருந்தாத இடங்கள் கண்ணைக் குத்தும். அவற்றில் மிக மோசமான மூன்றை மட்டும் ஒரு சீட்டில் எழுதுங்கள்: எந்த இடம், எவ்வளவு, எந்தப் பக்கம். 'நாற்காலியின் பின்கால், 6 மி.மீ., நீளம் கூடுதல்.' 'முதுகுப்பலகை, 4 மி.மீ., வலப்பக்கம் சாய்ந்துவிட்டது.' 'நன்றாக வரவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். அது புலம்பல், அளவு அல்ல.

பதினைந்து சீட்டு சேர்ந்த பிறகு வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். எனக்கு அது கொஞ்சம் அதிர்ச்சிதான். பதினைந்தில் பன்னிரண்டில் செங்குத்துக் கோடுகள் வலது பக்கம் சாய்ந்திருந்தன. தலை, பிடி, மூடி என்று மேலே இருக்கிற எதுவும் பெரிதாகவே வந்திருந்தது. பிழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதில்லை, ஆளுக்கு ஆள் ஒரு சாய்மானம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு வேலை எளிதாகிவிட்டது. மேற்பகுதியை வரைந்ததும் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன், திரும்ப அளப்பேன். உங்கள் சாய்மானம் வேறாக இருக்கும். சீட்டு எழுதாமல் அது தெரியவராது.

டிரேஸ் எடுக்க முடியாதபோது, அதாவது நேரில் பார்த்து வரையும்போது, கண்ணுக்குப் பழகிப்போன படத்தை அந்நியமாக்கிப் பார்க்க வேண்டும். ஆறடி தள்ளி நின்று பாருங்கள். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை இது. கைப்பேசியில் படமெடுத்து இடவலமாகத் திருப்பினாலும் அதேதான். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் இருப்பது அப்போதுதான் திடுக்கென்று தெரியும்.

தப்பைக் கண்டுபிடித்ததும் ரப்பரைத் தேடாதீர்கள். தப்பான கோடு இருக்கும்போதே பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுவிட்டு, பிறகு பழையதை அழியுங்கள். முதலில் அழித்துவிட்டால், காலி இடத்தில் கை மறுபடியும் அதே கோட்டைத்தான் போடும். எத்தனை தடவை நடந்திருக்கிறது!

புகைப்படம் பார்த்து வரைவதா, நேரில் பார்த்து வரைவதா?

இரண்டும். புகைப்படத்தில் உலகம் ஏற்கெனவே தட்டையாகிவிட்டது, பொருளும் அசையாது, டிரேஸ் வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் முகத்துக்கு அருகில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு புடைத்தும் காதுகள் ஒடுங்கியும் இருக்கும். அதை அப்படியே வரைந்துவிட்டு 'ஆள் மாதிரி இல்லையே' என்று வருந்தக் கூடாது. நேரில் வரைவது கடினம், ஏனென்றால் தட்டையாக்குகிற வேலையையும் நீங்களே செய்ய வேண்டும். ஒற்றைக் கண்ணை மூடினால் அது பாதி குறையும். நாற்காலி இருந்த இடத்தைத் தரையில் குறித்துவையுங்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து அரையடி தள்ளி உட்கார்ந்தால் எல்லா அளவும் மாறிவிடும்.

குனிந்து வரையும்போது சரியாக இருக்கிற படம், நிமிர்த்திப் பார்த்தால் நீண்டுவிடுகிறது.

தாள் மேசையில் படுத்திருக்கிறது. அதன் மேற்பகுதி கண்ணுக்குத் தொலைவில் இருப்பதால் சுருங்கித் தெரியும், நீங்கள் அதை ஈடுகட்ட இழுத்து வரைவீர்கள். ஒரு பலகையில் தாளைப் பொருத்தி, மடியிலும் மேசை விளிம்பிலுமாகச் சாய்த்துவைத்தால் தீர்ந்தது.

எல்லாம் அளந்தும் முகம் மட்டும் அவர் மாதிரி இல்லை.

ஒரு மரக்கிளையை ஒரு சென்டிமீட்டர் மாற்றி வரைந்தால் யாருக்கும் தெரியாது. வாயின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் ஆளே மாறிவிடுவார். முகத்தில் நம் கண் அவ்வளவு கறார். முதலில் இரு கண்களின் வெளி ஓரங்களையும் மூக்கின் அடியையும் இணைக்கும் முக்கோணத்தை மட்டும் சரிபாருங்கள். அது அகலமா, ஒடுக்கமா, எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது? அடையாளம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. அடுத்து, கண்களைச் சுருக்கிப் பார்த்து நிழல் விழும் திட்டுகளை வடிவங்களாக வரையுங்கள். இமைமயிர் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தால் ஆள் கிடைக்க மாட்டார்.

எதைப் பார்த்து வரையலாம்? எவ்வளவு நேரம்?

ஓர் எளிய பொருள், ஒரு பக்க வெளிச்சம். அது போதும் முதல் மாதத்துக்கு. படம் பார்த்து வரைய விரும்பினால், சார்ல்ஸ் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ழெரோமுடன் சேர்ந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட பயிற்சிப் படங்களைத் தேடுங்கள். ஏறக்குறைய 200 படங்கள். சிலைகளின் கை, கால், முகம் முதலில் நேர்கோடுகளாகவும் பிறகு முழுப் படமாகவும் அருகருகே இருக்கும். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வான்கோ 27 வயதில், 1880-இல், ஓவியனாவது என்று முடிவெடுத்தபோது இவற்றைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து ஆண்டு கழித்து, வாழ்வின் கடைசி ஆண்டிலும் அதே படங்களைக் கேட்டு வாங்கி மறுபடி வரைந்தார்.

நேரம் என்றால் தினம் அரைமணி. அதில் பத்து நிமிடம் சரிபார்க்கவும் சீட்டு எழுதவும் போகட்டும். சரிபார்க்காத ஐந்து படத்தைவிடச் சரிபார்த்த ஒன்று மேல்.

என்ன பென்சில் வாங்க?

கையில் இருக்கும் எச்.பி.யும் ஒரு 2பி-யும் போதும். நுனியை நீளமாகச் சீவுங்கள். மொட்டை நுனியால் மில்லிமீட்டரைப் பற்றிப் பேச முடியாது.

இரண்டு மாதம் ஆகிறது. படங்கள் முன்பைவிட மோசமாகத் தெரிகின்றன.

முதல் வாரம் வரைந்த நாற்காலியை எடுத்து, அன்று எழுதிய சீட்டையும் பக்கத்தில் வையுங்கள். அதே புகைப்படத்தை இன்று மறுபடி வரைந்து டிரேஸ் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு 6 மி.மீ. என்று எழுதியிருந்த பின்கால் இன்று இரண்டோ மூன்றோ என்று வந்தால், மோசமானது படமல்ல, அன்று கண்ணில் படாத தப்புகள் இன்று படுகின்றன, அவ்வளவுதான். 6 இன்னும் 6-ஆகவே இருந்தால், அந்த ஒரு காலை மட்டும் நாளைக்குத் திரும்ப அளந்து வரையுங்கள்.